பிளாக் ஆரம்பிக்கணும், வளர்க்கணும்னு கேக்குறவங்களுக்கு: அடிக்கடி வர்ற கேள்விகளும் என் பதில்களும்

பன்னெண்டு வருஷமா தையல் மெஷின் ரிப்பேர் பத்தி ஒரு பிளாக் எழுதிட்டு வர்றேன். எனக்கு வர்ற மெயில்ல பாதி மெஷினப் பத்தி இருக்கும், மீதிப் பாதி "நானும் ஒரு பிளாக் ஆரம்பிக்கணும், எப்படி வளர்த்தீங்க"ன்னு இருக்கும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுதின பதில எல்லாம் ஒரே இடத்துல சேர்த்து வச்சா நல்லதுன்னு தோணுச்சு. முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். பிளாக்னா இன்னைக்குப் போட்ட போஸ்ட்னு நினைக்காதீங்க, பின்னாடி வருஷக்கணக்கா சேர்ந்து நிக்குற மொத்தப் பதிவுகளும் தான் பிளாக். கீழ நான் சொல்றதுல முக்கால்வாசி இதுல இருந்து தான் வருது.

இப்ப ஆரம்பிச்சா ரொம்ப லேட் இல்லையா? எல்லாரும் வீடியோ தானே பாக்குறாங்க?

2013 ஜூலை 1ஆம் தேதி, பல பிளாக்குகள ஒரே இடத்துல சேர்த்துப் படிக்க உதவின கூகுள் ரீடர மூடினப்பவே "பிளாக் கதை முடிஞ்சுது"ன்னு நிறைய பேர் பேசினாங்க, நான் ஆரம்பிச்சதே அந்தச் சமயத்துல தான். பிளாக்கோட முழுப்பேரான வெப்லாக்ங்கிறத ஜோர்ன் பார்கர்ங்கிற பதிவர் வச்சது 1997 டிசம்பர்ல, பிளாக்கர் வந்தது 1999ல, வேர்ட்பிரஸ் 2003 மே மாசம். ஜேசன் காட்கிங்கிற பதிவர் 1998ல ஆரம்பிச்ச தளம் இன்னும் ஓடிட்டு இருக்கு. அதனால லேட்டுன்னு நினைக்காதீங்க.

வீடியோவோட போட்டி போடாதீங்க, வீடியோவால முடியாத இடத்துல நில்லுங்க. மெஷினத் திறந்து போட்டு கையெல்லாம் எண்ணெயோட உக்காந்திருக்கிறவருக்கு பதினஞ்சு நிமிஷ வீடியோவ முன்னயும் பின்னயும் தள்ளித் தள்ளித் தேட முடியாது, அவருக்கு வேணும்னது ஒரே ஒரு வரி, எந்த ஸ்க்ரூவ எந்தப் பக்கம் திருப்பணும்னு. அந்த வரிய எழுத்து தான் குடுக்கும். தேட முடியுது, காப்பி பண்ண முடியுது, தேவையான பத்திக்கு நேரா போக முடியுது. வீடியோவும் போடுங்க, வேணாம்னு சொல்லல, ஆனா அத பதிவுக்குள்ள வைங்க.

எதப் பத்தி எழுதறதுன்னே தெரியலையே?

இதுக்கு நான் சொல்ற வழி ஒண்ணே ஒண்ணு தான். ஒரு பேப்பர எடுத்து, உங்ககிட்ட ஆளுங்க நிஜமாவே கேட்ட முப்பது கேள்விய எழுதுங்க. நீங்களா யோசிச்ச தலைப்பு வேணாம், இன்னொரு மனுஷர் வாயால கேட்டது. முப்பது வந்துச்சுன்னா அது தான் உங்க சப்ஜெக்ட். எட்டுல நின்னு போச்சுன்னா அந்த சப்ஜெக்ட் உங்களுக்குப் பிடிச்சிருக்கு, ஆனா அதுக்காக உங்களத் தேடி இன்னும் யாரும் வரலன்னு அர்த்தம், அப்ப வேற ஒண்ணு பாருங்க இல்ல கொஞ்ச நாள் பொறுங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். "தையல் மெஷின் பராமரிப்பு"ன்னு நான் முதல்ல ஒரு போஸ்ட் எழுதினேன், நீளமா, எல்லாம் அடங்கி இருந்துச்சு, ஒருத்தரும் வரல. அப்புறம் ஒருத்தங்க என்கிட்ட கேட்டது, "துணிக்கு அடியில நூல் கொத்தா சிக்கிக்குது, பாபின் மாத்தியும் சரியாகல". இந்தக் கேள்வியிலயே ஒரு தப்பு ஒளிஞ்சிருக்கு. சிக்கல் அடிப்பக்கம் தெரியுறதால எல்லாரும் அடிநூல் சுத்தியிருக்குற பாபினத் தான் சந்தேகப்படுவாங்க, ஆனா பெரும்பாலும் காரணம் மேல்நூல் தான். துணிய அழுத்துற கால கீழ இறக்கி வச்சுக்கிட்டு நூல் கோர்த்தா, நூல இறுக்கிப் பிடிக்குற டென்ஷன் தட்டுங்க மூடியே இருக்கும், நூல் அதுக்கு நடுவுல போய் உக்காராது, பிடிமானம் இல்லாம தாராளமா இறங்கி அடியில போய் சுருண்டுக்கும். கால மேல தூக்கி வச்சு மறுபடி கோர்த்தா பல மெஷின்ல உடனே சரியாயிடும். இத அவங்க கேட்ட அதே வார்த்தையில தலைப்பு வச்சு எழுதினேன். இன்னைக்கு வரைக்கும் என் பிளாக்ல அதிகம் படிக்கப்படுற பதிவு அது தான்.

நல்ல சப்ஜெக்ட்டுன்னா இது தான். படிக்கிறவர் ஒரு காரணத்த நினைச்சுட்டு வருவார், நிஜக் காரணம் வேறயா இருக்கும், உங்களுக்கு அது தெரிஞ்சிருக்கும். நீங்க எந்தத் தொழில்ல இருந்தாலும், பாட்டு சொல்லித் தர்றவரா இருந்தாலும் கணக்கு எழுதுறவரா இருந்தாலும், அந்த மாதிரி ஒரு அம்பது விஷயம் உங்ககிட்ட நிச்சயமா இருக்கு.

பிளாக்கர், வேர்ட்பிரஸ், மீடியம், சப்ஸ்டாக், இதுல எது நல்லது?

எதுல ஆரம்பிச்சாலும் ரெண்டு விஷயம் பாருங்க. ஒண்ணு, உங்க சொந்த டொமைன, அதாவது உங்க பேர்ல வாங்கின இணைய முகவரிய, மாட்ட முடியுமா. ரெண்டு, நாளைக்கே கிளம்பணும்னா எல்லாப் பதிவையும் ஒரு ஃபைலா வெளிய எடுத்துட்டுப் போக முடியுமா. இலவசமா சைட் வைக்க இடம் குடுத்த ஜியோசிட்டீஸ 2009ல மூடினாங்க, பிளாக் சேவையான போஸ்டெரஸ 2013ல மூடினாங்க, அதுல எழுதினவங்க எல்லாம் கெட்ட எழுத்தா எழுதினாங்க? இல்ல, அவங்க முகவரி அடுத்தவங்களோடதா இருந்துச்சு, அவ்ளோ தான்.

பிளாக்கர் இலவசம், சொந்த டொமைன் மாட்டலாம், பதிவுகள எக்ஸ்போர்ட் பண்ணலாம், ஆனா டிசைன்ல ரொம்ப கை வைக்க முடியாது. வேர்ட்பிரஸ்ல ஒரு குழப்பம் எல்லாருக்கும் வரும், வேர்ட்பிரஸ் டாட் காம்ங்கிறது ஒரு கம்பெனியே நடத்துற சேவை, வேர்ட்பிரஸ் டாட் ஆர்க்ல கிடைக்குறது நாமளே நம்ம ஹோஸ்டிங்ல, அதாவது சைட்ட வைக்க வாடகைக்கு எடுக்குற சர்வர்ல, போட்டுக்குற இலவச மென்பொருள். ரெண்டாவதுல சுதந்திரம் அதிகம், அப்டேட், பாதுகாப்பு, பேக்கப் எல்லாம் நம்ம தலையில. கம்ப்யூட்டர் வேலை பிடிக்காதவங்க தயவுசெஞ்சு அதுல இறங்காதீங்க, எழுதுற நேரமெல்லாம் பிளகின், அதாவது கூடுதல் வசதிக்குச் சேர்க்குற சின்ன மென்பொருளுங்க, அதோட சண்டையில போயிடும். மெயில்ல வாசகர்களுக்கு அனுப்புறது தான் முக்கியம்னா சப்ஸ்டாக் இல்ல கோஸ்ட் பாருங்க.

டொமைன யார் பேர்ல வாங்கணும்?

உங்க பேர்ல. உங்க மெயில்ல. வேற யார் மூலமாவும் இல்ல.

இத ஏன் இவ்ளோ அழுத்தமா சொல்றேன்னா எனக்கு அடி பட்டிருக்கு. சைட் செஞ்சு குடுத்தவர் அவரோட அக்கவுண்ட்லயே டொமைனயும் பதிவு பண்ணிட்டார், நல்ல மனுஷர் தான், ஆனா அவர் அந்தத் தொழில விட்டுட்டுப் போனதும் புதுப்பிக்கச் சொல்லி வர்ற மெயில் அவருக்குப் போகுது, எனக்கு ஒண்ணும் தெரியல, ஒரு நாள் காலையில பாத்தா சைட்டே இல்ல. காலாவதியான டொமைன் பேர் நீக்கப்பட்ட பிறகும் டாட் காம் மாதிரி பொதுவான டொமைன்களுக்கு 30 நாள் மீட்பு அவகாசம் இருக்கு, அதுக்குள்ள அவரத் தேடிப் பிடிச்சு வாங்கினேன். அந்த 30 நாளும் தாண்டிட்டா சில நாள்லயே யார் வேணா எடுத்துக்கலாம். டாட் காம ஒரே தடவையில 10 வருஷம் வரைக்கும் பதிவு பண்ணலாம், ஆட்டோ ரினியூவ ஆன் பண்ணி வைங்க, அந்த மெயில் ஐடிய மட்டும் எப்பவும் உயிரோட வைங்க.

லிங்க்ல தமிழ் எழுத்து வரலாமா?

வரலாம், கூகுளுக்குப் பிரச்சினையே இல்ல. ஆனா காப்பி பண்ணி வேற இடத்துல ஒட்டும்போது தான் தெரியும். ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு, கம்ப்யூட்டர் எழுத்தச் சேமிக்குற முறையான யூடிஎஃப் 8ல மூணு பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோட மூணு எழுத்தா மாறும், ஆக ஒரு குறியீட்டுக்கு ஒம்பது எழுத்து. "தமிழ்"ங்கிற சொல்லுல த, ம, இகரக் குறி, ழ, புள்ளின்னு அஞ்சு குறியீடு இருக்கு, அந்த ஒரு சொல் மட்டுமே 45 எழுத்து நீளத்துக்குப் போகும். முழுத் தலைப்பும் லிங்க்ல வந்தா மெசேஜ்ல ரெண்டு மூணு வரிக்கு கிறுக்கல் மாதிரி நிக்கும், சில இடத்துல பாதியில அறுந்து போய் வேலையே செய்யாது. அதனால நான் தலைப்ப தமிழ்லயும் லிங்க்க சின்னதா ரெண்டு மூணு ரோமன் எழுத்துச் சொல்லாவும் வைக்கிறேன். பிளாக்கர்லயும் வேர்ட்பிரஸ்லயும் போஸ்ட் போடுறதுக்கு முன்னாடி இத மாத்திக்க இடம் இருக்கு. லிங்க்ல தேதி வேணாம், முடிஞ்சா.

வாரத்துக்கு எத்தனை போஸ்ட் போடணும்?

உங்களால ரெண்டு வருஷம் தொடர்ந்து முடியுற அளவு. அது மாசத்துக்கு ரெண்டுன்னா ரெண்டு. ஆரம்ப ஜோர்ல தினம் ஒண்ணு போட்டு நாப்பதாவது நாள் காணாம போனவங்கள நிறைய பாத்திருக்கேன், எழுத்துல குறையே இல்லாதவங்க. நான் மாசம் மூணு தான் போடுறேன், ஆனா ஒவ்வொரு புதுசுக்கும் ஒரு பழசத் திறந்து சரி பண்றேன், அதப் பத்தி கீழ விரிவா சொல்றேன்.

எத்தனை வார்த்தை இருக்கணும்?

கேள்விக்குப் பதில் முடியுற வரைக்கும். இத்தனை வார்த்தை இருந்தா தான் மேல வரும்னு ஒரு அளவு கூகுள்கிட்ட இல்ல, அவங்களே தெளிவா சொல்லியிருக்காங்க.

எஸ்இஓ, அதாவது தேடல்ல மேல வர வைக்குற வேலைன்னு எல்லாரும் பயமுறுத்துறாங்க, எது தான் முக்கியம்?

முதல்ல எது முக்கியம் இல்லன்னு சொல்றேன். மெட்டா கீவேர்ட்ஸ், அதாவது தேடுபொறிக்காக மட்டும் சொற்கள எழுதுற கட்டம், அதுல இருபது சொல் நிரப்புறது, அத கூகுள் ரேங்கிங்குக்கு பயன்படுத்துறதே இல்லன்னு 2009லயே அறிவிச்சுட்டாங்க, இன்னும் அத காசுக்கு சொல்லிக் குடுக்குறாங்க.

முக்கியம்னா, முதல் நாளே, தேடல்ல உங்க சைட் எப்படித் தெரியுதுன்னு காட்டுற கூகுளோட சர்ச் கன்சோல்ல உங்க சைட்ட சேருங்க. இலவசம். அது சேர்த்த நாள்ல இருந்து தான் கணக்கு வைக்கும், 16 மாசம் வரைக்கும் பின்னாடி பாக்கலாம். வேர்ட்பிரஸ்னா செட்டிங்ஸ்ல ரீடிங்ங்கிற பக்கத்துக்குப் போய், தேடுபொறிங்க வரவேணாம்னு ஒரு டிக் இருக்கும் பாருங்க, சைட் தயாராகுறப்ப போட்டுட்டு எடுக்க மறந்துடுவாங்க. "எட்டு மாசமா எழுதுறேன், கூகுள்ல ஒரு பக்கம் கூட வரல"ன்னு எனக்கு மெயில் போட்டவங்கள்ல மூணு பேருக்கு இந்த ஒரு டிக் தான் காரணம். மனசு கஷ்டமா இருந்துச்சு, எட்டு மாச உழைப்பு.

அப்புறம் கன்சோல்ல இம்ப்ரெஷன், அதாவது தேடல்ல உங்க பக்கம் காட்டப்பட்ட தடவை, நிறைய இருந்து கிளிக் கம்மியா இருக்குற பக்கங்களப் பாருங்க. கூகுள் உங்களக் காட்டுது, ஆளுங்க தட்டல. அந்தப் பக்கத்துக்கு என்ன சொல்லித் தேடி வர்றாங்கன்னு கீழ லிஸ்ட் இருக்கும், பெரும்பாலும் நீங்க தலைப்புல வச்ச சொல் ஒண்ணு, ஜனங்க தேடுற சொல் வேறயா இருக்கும். நான் "இழுவிசை"ன்னு எழுதி வச்சிருந்தேன், எல்லாரும் தேடுனது "டென்ஷன்". தலைப்ப மாத்தின பிறகு அந்தப் பக்கத்துக்கு ஆள் வர ஆரம்பிச்சாங்க. அழகான சொல்ல பதிவுக்குள்ள வைங்க, தலைப்புல ஜனங்க சொல்ற சொல்ல வைங்க.

வேகம். கூகுள் வச்சிருக்குற அளவு என்னன்னா பக்கத்தோட பெரிய பகுதி 2.5 செகண்டுக்குள்ள தெரியணும், தட்டினா 200 மில்லிசெகண்டுக்குள்ள பதில் வரணும், லோட் ஆகும்போது பக்கம் குதிக்கக் கூடாது. சின்ன பிளாக்குகள மெதுவாக்குறது பெரும்பாலும் போட்டோ தான், போன்ல எடுத்து அப்படியே நாலு அஞ்சு எம்பிக்கு ஏத்துறது. அகலம் 1200 பிக்சல் இருந்தா போதும், ஃபைல் அளவு குறைவா இருக்குற வெப்பி (WebP) ஃபார்மட்ல போடுங்க, படத்துக்கு மாற்று விவரம் எழுதுங்க. அது கூகுளுக்காக மட்டும் இல்ல, கண் தெரியாதவங்களுக்கு ஸ்க்ரீன் ரீடர் அதத் தான் படிச்சுக் காட்டும், அதனால "படம் 1"னு எழுதாம படத்துல என்ன இருக்குன்னு எழுதுங்க.

பழைய பதிவ மாத்தலாமா? தேதி போன பிறகு தொடக்கூடாதுன்னு சொல்றாங்களே?

மாத்தணும். என்னக் கேட்டா பிளாக் வளர்றதே இங்க தான்.

நாளிதழ் மாதிரி நினைக்கிறதால தான் இந்தத் தயக்கம், நேத்து வந்தது நேத்தோட போச்சுன்னு. ஆனா தேடி வர்றவருக்கு அது நேத்தும் தெரியாது இன்னைக்கும் தெரியாது, அவர் அந்தப் பக்கத்துல வந்து இறங்குறார், அது தான் அவருக்கு உங்க பிளாக்கே. உங்க முகப்புப் பக்கத்தப் பாக்காமலேயே போறவங்க தான் அதிகம். அப்ப ஆறு வருஷம் முன்னாடி எழுதின ஒரு பக்கத்துல செத்துப்போன லிங்க்கும் மங்கலான போட்டோவும் இருந்தா, இன்னைக்கு நீங்க எவ்ளோ நல்லா எழுதினாலும் அவருக்குத் தெரியப் போறதில்ல.

நான் செய்யறது இது தான். புதுசு போடுறப்ப ஒரு பழசத் தொடுறது போக, மூணு மாசத்துக்கு ஒருக்கா அதிகம் படிக்கப்படுற இருபது பதிவ எடுத்து, ஒரு அந்நியர் மாதிரி போன்ல படிப்பேன். தப்பா இருக்குறத திருத்துவேன், கமெண்ட்ல வந்த நல்ல தகவல பதிவுக்குள்ளயே ஏத்துவேன், இதுக்குப் பிறகு எழுதின சம்பந்தப்பட்ட பதிவுக்கு லிங்க் குடுப்பேன். கீழ "இந்த மாசம் இத மாத்தினேன்"னு ஒரு வரி போடுவேன். ஒண்ணும் மாத்தாம தேதிய மட்டும் புதுசாக்குற வேலைய செய்யாதீங்க, வாசகர் கண்டுபிடிச்சா திரும்ப நம்ப மாட்டார்.

ஒரே விஷயத்தப் பத்தி மூணு அரைகுறைப் பதிவு இருந்தா மூணையும் சேர்த்து ஒண்ணாக்குங்க, மீதி ரெண்டோட முகவரில இருந்து 301 ரீடைரக்ட் போடுங்க, அது பழைய முகவரிக்கு வர்றவர தானாவே புதுசுக்கு அனுப்பிடும். 301ன்னா நிரந்தரமா இடம் மாறிடுச்சுன்னு அர்த்தம், 302ன்னா தற்காலிகம், குழப்பிக்காதீங்க. ரீடைரக்ட்ட குறைஞ்சது ஒரு வருஷம் வைக்கச் சொல்லுது கூகுள், நான் எடுக்கிறதே இல்ல, ஏன்னா யாரோ ஒருத்தர் அந்தப் பழைய லிங்க்க எங்கயோ எழுதி வச்சிருப்பார்.

இதுல நான் பண்ணின பெரிய தப்பு ஒண்ணு இருக்கு. நாலாவது வருஷம் லிங்க்ல இருந்த தேதிய எடுத்தா அழகா இருக்கும்னு பதிவுகளோட முகவரி அமைப்பான பெர்மாலிங்க் செட்டிங்க ஒரே கிளிக்ல மாத்திட்டேன், ரீடைரக்ட் போடல. எல்லாப் பழைய முகவரியும் 404, அதாவது பக்கமே இல்லன்னு ஆயிடுச்சு, அடுத்தவங்க சைட்ல எனக்குக் குடுத்திருந்த லிங்க் எல்லாம் சுவத்துல போய் முட்டுச்சு, வர்ற ஆளுங்க எண்ணிக்கை சில வாரத்துலயே பாதிக்கும் கீழ இறங்கிடுச்சு. அப்புறம் ஒவ்வொண்ணா உக்காந்து ரீடைரக்ட் போட்டு பழைய நிலைக்கு வர அஞ்சு மாசம் ஆச்சு. அதனால லிங்க் அமைப்ப முதல் வாரமே முடிவு பண்ணிட்டு அத மறந்துடுங்க.

ஆறு மாசம் ஆச்சு, யாருமே வரல. விட்டுடலாமா?

இது தான் அதிகமா வர்ற கேள்வி, ராத்திரி பன்னெண்டு மணிக்கு மேல தான் இந்த மெயில் வரும். அதனால நிதானமா சொல்றேன்.

புது டொமைன கூகுள் கண்டுபிடிச்சு, படிச்சு, நாலு பேருக்குக் காட்டிப் பாத்து, நம்பறதுக்கு மாசக்கணக்குல ஆகும். உங்க எழுத்த யாரோ ஒதுக்கிட்டாங்கன்னு நினைக்காதீங்க, இன்னும் பாக்கவே இல்ல. எனக்கு முதல் ஒம்பது மாசம் ஒரு நாளைக்கு பத்து பேர் வந்தா அதிகம், அதுல ரெண்டு நானே.

கிளிக்க எண்ணாதீங்க, இம்ப்ரெஷனப் பாருங்க. அது மாசத்துக்கு மாசம் கொஞ்சமாவது ஏறுதுன்னா வேர் பிடிக்குதுன்னு அர்த்தம், தொடருங்க. இருபத்தஞ்சு பதிவு தாண்டியும் இம்ப்ரெஷனே அசையலன்னா ரெண்டுல ஒண்ணு. இன்டெக்ஸ் ஆகுறதுல, அதாவது கூகுளோட பட்டியல்ல உங்க பக்கம் சேர்றதுல, ஏதோ தடை இருக்கு, கன்சோல்ல லிங்க்கப் போட்டுப் பாத்தா சொல்லிடும். இல்லன்னா யாரும் கேக்காத கேள்விக்குப் பதில் எழுதிட்டு இருக்கீங்க, அப்ப அந்த முப்பது கேள்விப் பேப்பருக்குத் திரும்பப் போங்க. அப்புறம், கேள்வி கேட்டவருக்கே லிங்க்க அனுப்புங்க. "நீங்க அன்னைக்குக் கேட்டீங்கல்ல, எழுதியிருக்கேன், புரியுதா பாருங்க"ன்னு. எனக்கு முதல் ஐம்பது வாசகர் இப்படித் தான் வந்தாங்க, ஒவ்வொருத்தரா.

பேக்லிங்க், அதாவது மத்த சைட்ல இருந்து நமக்கு வர்ற லிங்க், காசு குடுத்து வாங்கலாமா?

வேணாம். 2012 ஏப்ரல்ல கூகுள் தேடல்ல பென்குயின்ங்கிற அப்டேட் வந்தப்ப இப்படி வாங்கினவங்க ஒரே நாள்ல கீழ விழுந்தாங்க. யாராவது உங்க பதிவுல லிங்க் வைக்க காசு குடுத்தா அதுக்கு ஸ்பான்சர்டுன்னு குறியீடு போடணும், 2019ல இருந்து அந்த வசதி இருக்கு. நல்ல லிங்க் வரணும்னா மத்தவங்க சுட்டிக் காட்டுற மாதிரி ஒரு பொருள செய்யுங்க, ஒரு அட்டவணை, ஒரு வரைபடம். நான் எந்தத் துணிக்கு எந்த நம்பர் ஊசின்னு ஒரே பக்கத்துல அட்டவணை போட்டேன், யார்கிட்டயும் கேக்காமலே அதுக்கு லிங்க் வந்துட்டே இருக்கு.

சோஷியல் மீடியாவுல எவ்ளோ நேரம் செலவு பண்ணணும்?

குறைவா. அங்க போட்டது ரெண்டு நாள்ல கீழ போயிடும், சில சமயம் இடமே போயிடும், கூகுள் பிளஸ் 2019 ஏப்ரல்ல மூடினப்ப அதுல சேர்த்த ஆளுங்க எல்லாம் போனாங்க. கேள்விகளக் காது குடுத்துக் கேக்க நல்ல இடம், அதுக்காக போங்க.

அப்ப மெயில் லிஸ்ட் வேணுமா?

முதல் நாள்ல இருந்தே வேணும். பத்து பேர் இருந்தாலும் அது உங்களோடது, எந்த சைட் மூடினாலும் கூட வரும். சேரும்போது உறுதிப்படுத்துற மெயில் அனுப்பி, அத அவங்க தட்டின பிறகு சேருங்க, எண்ணிக்கை கம்மியாகும் ஆனா எல்லாம் நிஜ ஆளுங்க. 2024 பிப்ரவரில இருந்து ஜிமெயிலும் யாஹூவும் கட்டுப்பாட்ட இறுக்கிட்டாங்க, மெயில் நிஜமாவே உங்ககிட்ட இருந்து தான் வருதுன்னு காட்டுற எஸ்பிஎஃப், டிகேஐஎம் பதிவுகள்ல ஒண்ணாவது உங்க டொமைனுக்கு இருக்கணும், ஜிமெயிலுக்கு ஒரு நாள்ல 5,000க்கு மேல அனுப்புறவங்கன்னா அது ரெண்டும், அதே மாதிரி டிமார்க்ங்கிற பதிவும் ஒரே கிளிக்ல விலகுற வசதியும் கட்டாயம், ஸ்பேம்னு தட்டுறவங்க 0.3 சதவீதத்த தொடக் கூடாது. மெயில் அனுப்புற சேவையில இதெல்லாம் எப்படி செய்யணும்னு படிப்படியா காட்டுவாங்க, ஒரு மதியம் போதும். புதுப் பதிவு வந்தா வாசகரோட ரீடர் ஆப்புக்குத் தானா போய்ச் சேர்ற ஆர்எஸ்எஸ் ஃபீடயும் முழுசா திறந்து வைங்க, அதுல படிக்கிறவங்க கொஞ்சம் பேர் தான், ஆனா வருஷக்கணக்கா கூடவே இருப்பாங்க.

பணம் வருமா?

வரும், மெதுவா. கூகுளோட விளம்பர சேவையான ஆட்சென்ஸ் 2003ல இருந்து இருக்கு, கூகுள் ஆட்ஸ் வழியா விளம்பரதாரர் செலவு பண்றதுல சுமார் 68 சதவீதம் பதிவருக்கு வரும், 2018ல இருந்து தமிழ்ப் பக்கங்களுக்கும் உண்டு. ஆனா ஆள் வரத்து பெருசா இருந்தா தான் அது கணக்குல தெரியும். ஆள் கம்மியா இருக்கும்போதே பக்கம் முழுக்க விளம்பரத்த அடைச்சீங்கன்னா வர்ற கொஞ்சப் பேரும் ஓடிடுவாங்க.

எனக்கு அதிகமா வந்தது விளம்பரத்துல இல்ல. படிச்சவங்க "நீங்களே வந்து பாத்துக் குடுங்க"ன்னு வேலைக்குக் கூப்பிட்டாங்க, அப்புறம் வகுப்பு எடுக்கச் சொன்னாங்க. உங்க திறமைக்கு பிளாக் ஒரு சாட்சி, அத வச்சு என்ன விக்கலாம்னு யோசிங்க. அஃபிலியேட் லிங்க், அதாவது அது வழியா யாராவது வாங்கினா உங்களுக்குக் கமிஷன் வர்ற லிங்க், போட்டா பதிவோட தலையிலயே சொல்லிடுங்க, நீங்க கையால தொட்டுப் பாக்காத பொருளுக்குப் போடாதீங்க.

ஏஐ வச்சே எழுதிடலாமா? கூகுளே ஏஐ பதில் குடுத்துட்டா அப்புறம் நம்மகிட்ட யார் வருவா?

ரெண்டும் ஒரே கேள்வி தான். 2024 மே மாசத்துல இருந்து தேடல் பக்கத்து மேலயே ஏஐ சுருக்கம் வர ஆரம்பிச்சுது, பொதுவான கேள்விக்கு ஆளுங்க அதப் படிச்சுட்டு அங்கயே நின்னுடறாங்க, என் பிளாக்லயும் "பாபின்னா என்ன" மாதிரிப் பக்கங்களுக்கு வரத்து குறைஞ்சிருக்கு. குறையாதது எதுன்னு பாத்தா, நான் நேர்ல திறந்து பாத்த மெஷின், நான் எடுத்த போட்டோ, நான் தப்புப் பண்ணி கத்துக்கிட்டது. கூகுளோட தர வழிகாட்டில 2022 டிசம்பர்ல அனுபவம்ங்கிறத தனியா ஒரு அளவுகோலா சேர்த்தாங்க. 2024 மார்ச்ல, ரேங்கிங்குக்காக மட்டும் மொத்தமா உற்பத்தி பண்ணிக் குவிக்குற பக்கங்கள, ஆள் எழுதினாலும் மெஷின் எழுதினாலும், ஸ்பேம்னு விதியே போட்டுட்டாங்க.

எழுத்துப்பிழை பாக்க, தலைப்புக்கு நாலு யோசனை கேக்க தாராளமா வச்சுக்கோங்க. பதில மட்டும் நீங்க எழுதுங்க. எல்லாருக்கும் கிடைக்குற பதிலயே நீங்களும் போட்டா உங்க பக்கத்துக்கு வர ஒருத்தருக்கும் காரணம் இருக்காது.

கமெண்ட்ட திறந்து வைக்கலாமா?

வைங்க, அனுமதிச்ச பிறகு வெளியாகுற மாதிரி. ஸ்பேம் நிறைய வரும், அகிஸ்மெட் மாதிரி ஒரு வடிகட்டி போட்டா பெரும்பாலும் அடங்கிடும். நான் ஒரு பதிவுல "ஊசியோட தட்டைப் பக்கம் பின்னாடி பாத்து இருக்கணும்"னு எழுதியிருந்தேன், ஒரு அம்மா வந்து "எங்க பழைய மெஷின்ல அது பக்கவாட்டுல தான் பாக்கணும், நீங்க சொன்னபடி போட்டு தையலே விழல தம்பி"ன்னு சொன்னாங்க. அவங்க சொன்னது சரி, மெஷினுக்கு மெஷின் மாறும். அன்னைக்கே பதிவத் திருத்தி, அவங்களுக்கு நன்றியும் சொல்லி, மேனுவல்ல எங்க பாக்கணும்னும் சேர்த்தேன். அந்த ஒரு கமெண்ட் எத்தன பேரோட மதியத்தக் காப்பாத்தியிருக்கும்.

என் பதிவ அப்படியே காப்பி பண்ணிப் போட்டுட்டாங்க, என்ன செய்யறது?

முதல்ல மரியாதையா ஒரு மெயில். பதில் இல்லன்னா அவங்க ஹோஸ்டிங் கம்பெனிக்கும் கூகுளோட காப்புரிமைப் புகார் ஃபார்முக்கும் எழுதுங்க, ரெண்டு லிங்க்கும் ஸ்க்ரீன்ஷாட்டும் போதும். ஒரு நாளைக்கு மேல இதுல செலவு பண்ணாதீங்க.

பேக்கப் எப்படி?

மூணு பிரதி, ரெண்டு வகை இடம், அதுல ஒண்ணு வீட்டுக்கு வெளிய. ஹோஸ்டிங் கம்பெனி எடுக்குறத கணக்குல சேக்காதீங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அந்த பேக்கப்ப வேற இடத்துல திறந்து பாருங்க, திறக்காத பேக்கப் இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது.

ஒரு கட்டத்துல எழுத முடியாம போனா பிளாக்க என்ன பண்றது?

இத யாரும் ஆரம்பத்துல கேக்க மாட்டாங்க, அஞ்சு வருஷம் எழுதினவங்க தான் கேப்பாங்க. எழுதுறத நிறுத்தலாம், சைட்ட நிறுத்தாதீங்க. வேர்ட்பிரஸ்னா எல்லாப் பக்கத்தையும் ஸ்டேட்டிக் எச்டிஎம்எல்லா, அதாவது மென்பொருள் ஓடாமலே திறக்குற வெறும் ஃபைலா, மாத்தி வைக்கிற பிளகின் இருக்கு, அப்படி வச்சுட்டா அப்டேட் பண்ண வேண்டியதில்ல, ஹேக் ஆகுற பயமும் ரொம்பக் குறைவு, செலவும் டொமைன் மட்டும் தான்னு சொல்லலாம். கமெண்ட்ட மூடுங்க, முகப்புல "கடைசியா இந்த மாசம் வரைக்கும் எழுதினேன், இதுக்கு மேல புதுசு வராது, ஆனா பக்கங்கள் இருக்கும்"னு ஒரு வரி வைங்க. வெப் பக்கங்களோட பிரதிய சேமிச்சு வைக்குற இன்டர்நெட் ஆர்க்கைவோட வேபேக் மெஷின்ல முக்கியமான பக்கங்களோட முகவரியக் குடுத்து சேமிக்கச் சொல்லுங்க, இலவசம் தான். டொமைன எத்தன வருஷத்துக்கு முடியுமோ அத்தன வருஷத்துக்குப் புதுப்பிச்சுட்டு, அந்த அக்கவுண்ட் விவரத்த வீட்டுல நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட எழுதிக் குடுங்க. நான் என் பொண்ணுகிட்ட குடுத்து வச்சிருக்கேன், எந்த மாசம் எந்த மெயிலுக்கு ரினியூ நோட்டீஸ் வரும்ங்கிறது வரைக்கும்.